உன் அம்மாவுக்கு நான் கொடுக்காத மாத்திரை

தம்பி,

நலம் விசாரிப்பதை இந்த முறை விட்டுவிடுகிறேன். உனக்கு நான்கு முறை போன் செய்தேன். இரண்டு முறை "ஷிப்ட்ல இருக்கேன்ப்பா" என்றாய், மூன்றாவது முறை "அப்புறம் பேசறேன்" என்றாய், நான்காவது முறை எடுக்கவே இல்லை. ஓசூருக்கே வந்து உன் கம்பெனி வாசலில் நிற்கலாமா என்று யோசித்தேன். நின்றால் நீ என்னை ஓட்டலுக்குக் கூட்டிப்போய்ப் பொங்கல் வடை வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றி அனுப்பிவிடுவாய். உன்னை எனக்குத் தெரியும், நானும் அப்படித்தான் செய்திருப்பேன். அதனால் எழுதுகிறேன். ஆரம்ப சுகாதார நிலைய லேப்களில் வேலைக்காலம் முழுக்க உட்கார்ந்து, இருக்கிறது, இல்லை என்று மட்டுமே எழுதிப் பழகிய கை இது. நீளமாக எழுத வராது என்றுதான் நினைத்தேன். உட்கார்ந்த பிறகு பார்த்தால் நிறுத்துவதுதான் கஷ்டமாக இருக்கும் போலிருக்கிறது. நடுவில் கோபம் வந்தால் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படி. இதில் உன்னைத் திட்டும் வரி அதிகம் இல்லை. திட்டு வாங்க வேண்டிய ஆள் வேறு.

சத்யாவின் ரிப்போர்ட் எனக்கும் வந்துவிட்டது. உன் மனைவியே அனுப்பினாள். வளைகாப்பு முடிந்து அவள் அரூருக்கு, அம்மா வீட்டுக்குப் போன இரண்டாவது வாரம், லேசாக ரத்தம் பட்டதென்று தர்மபுரியில் லேடி டாக்டரிடம் காட்டினார்கள். குழந்தை நன்றாக இருக்கிறது என்று சொன்னதோடு அந்த டாக்டர் விடவில்லை. கர்ப்பப்பை வாயிலிருந்து பஞ்சுக் குச்சியில் எடுத்து ஒரு பெரிய லேப்புக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே கணவர் நம்பர் கேட்டார்கள் என்று உன் நம்பரைக் கொடுத்தார்கள். அவள் உடம்பின் செய்தி அவளுக்கு முன்னால் உன் போனுக்கு வந்து சேர்ந்தது. அதை நீ அவளிடம் எப்படிச் சொன்னாய் என்பதற்குப் பிறகு வருகிறேன். இரண்டு நாள் கழித்து அவள் அதை எனக்கு அனுப்பி, "மாமா, நீங்க லேப்ல இருந்தவங்க. இதப் பாத்து வெவரமாச் சொல்லுங்க" என்றாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கிளமிடியா, இருக்கிறது என்று போட்டிருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை, ஆர்வம். முப்பது வருடமாகப் பெயர் தெரிந்தும் முகம் பார்த்திராத ஆள் திடீரென்று பஸ்ஸில் எதிர் சீட்டில் வந்து உட்கார்ந்தது போலிருந்தது. எந்த முறையில் பார்த்தார்கள், எத்தனை நாளில் முடிவு வந்தது என்றெல்லாம் படித்து முடித்த பிறகுதான், மேலே இருந்த பெயர் நம் வீட்டுப் பெண்ணின் பெயர் என்பது உறைத்தது. என் புத்தி அப்படி. அதற்காக வெட்கப்படுகிறேன்.

அந்தக் கிருமியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல விடு. போனில் தேடி நீயும் நான்கு பக்கம் படித்திருப்பாய், ஆனால் பயந்துகொண்டு படித்திருப்பாய். இது ஒரு வினோதமான கிருமி. மற்றவை வெளியில் திரியும். இது நம் உடம்பின் செல்லுக்குள்ளேயே போய்க் குடியேறிக்கொள்ளும். சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாது. தட்டில் வளர்த்துப் பார்க்கலாம் என்றால் அதற்கும் வராது. வந்திருக்கும் பெண்களில் பெரும்பாலோருக்கு ஒரு அறிகுறியும் இருக்காது. ஆண்களிலும் பலருக்கு இருக்காது. கொரோனா நேரத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே வகைப் பரிசோதனையில்தான் இப்போது பிடிக்கிறார்கள். கர்ப்பிணிக்கு இருந்தால் மாதம் ஆகும் முன்பே பிரசவம் ஆகிவிடக்கூடும். பிறக்கும்போது குழந்தையின் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் போகக்கூடும். இவ்வளவு செய்யக்கூடியது, சரியான மாத்திரைக்கு அடங்கிவிடும். சத்யாவுக்குக் கொடுத்தது ஒரே வேளை மருந்து. ரிப்போர்ட் வந்த அன்றே அதைப் போட்டுக்கொண்டுவிட்டாள்.

நான் வேலையில் இருந்தபோது வாரா வாரம் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருத்தியிடமும் விரல் நீட்டச் சொல்லி, ரத்தம் எடுத்து, சிறுநீர் வாங்கி, அட்டையில் எழுதிக் கொடுப்பேன். ரத்த அளவு, சர்க்கரை, எச்ஐவி, மஞ்சள் காமாலை, சிபிலிஸ் என்கிற மேகநோய் என்று பட்டியல் வருடத்துக்கு வருடம் நீண்டது. இந்தக் கிளமிடியா மட்டும் கடைசிவரை அதில் ஏறவில்லை. சில நாடுகளில் இளவயதுக் கர்ப்பிணி என்றாலே இதைப் பார்த்துவிடுகிறார்களாம். இங்கே வெள்ளைப்படுகிறது, அடிவயிறு வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்கிறவளுக்கு மருந்து கிடைக்கும். சொல்லாதவளுக்கும், சொல்ல ஒன்றுமே இல்லாதவளுக்கும் கிடைக்காது. நர்சம்மாவின் காதில் ஒருத்தி மெதுவாகச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும், இவளுக்கு அதுவாக இருக்குமோ என்று. பார்க்க வழி இல்லை. பணி ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டார்கள். மாலையோடு உட்கார்ந்துகொண்டு நான் யோசித்தது, இத்தனை ஆயிரம் பெண்களில் எத்தனை பேரை நெகட்டிவ் என்று எழுதாமலேயே நெகட்டிவ் ஆக்கி வீட்டுக்கு அனுப்பினோம் என்பதைத்தான்.

பட்டியலில் இருந்த நோய்க்கே பெரிய பாடு. பென்னாகரம் பக்கம் வேலை பார்த்தபோது ஒரு பெண்ணுக்கு மேகநோய் பரிசோதனை பாசிட்டிவ். அவளுக்கு ஊசி போட்டாயிற்று. புருஷனையும் வரச் சொல்லி ஆள் மேல் ஆள் விட்டோம். பெங்களூரில் கட்டட வேலை பார்க்கிறவன், ஒரு மாதம் கழித்து வந்தான். லேப் கதவில் சாய்ந்துகொண்டு நிதானமாகக் கேட்டான். "எனக்கு எதுக்குங்க சார் ஊசி? வவுத்துல புள்ள எனக்கா இருக்குது?" வரிசையில் நின்ற பெண்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். நானும்தான் சிரித்தேன். அவனை வைது அனுப்பிய டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. இப்போது யோசித்தால் அவன் கேட்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சத்யாவுக்கு வளைகாப்பு நடந்தபோது நீயும் நானும் எங்கே இருந்தோம்? பந்தலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். உள்ளே பெண்கள் வளையல் போட்டு, நலங்கு வைத்து, அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து பிள்ளை பிறந்த செய்தி வரும் வரை ஆம்பிளைக்கு வேலை இல்லை என்று நம் பக்கத்தில் ஆக்கி வைத்திருக்கிறோம். நீ அந்த வழக்கத்தை ஒரு வார்த்தை கூட மீறாமல் நடந்துகொண்டாய்.

சத்யா என்னிடம் உன்னைப் பற்றிக் குறை ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டாள். "மாமா, இந்த டெஸ்டுல இது எப்பலேர்ந்து இருக்குதுன்னு தெரியுங்களா?" அந்தக் கேள்வியை ஒரு பெண் தானாகக் கேட்கமாட்டாள், தம்பி. யாரோ அவளைக் கேட்டிருக்க வேண்டும். நான் விடாமல் விசாரித்த பிறகு சொன்னாள். ரிப்போர்ட் வந்தது, நீ கூப்பிட்டாய், "யாரு?" என்று ஒரு வார்த்தை கேட்டாய், வைத்துவிட்டாய். டாக்டர் உனக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்த சீட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். நீ பார்த்தாய் என்பதற்கு இரண்டு நீலக் கோடு வந்தது, பதில் வரவில்லை. இன்றோடு பதினாறு நாள். எட்டு மாதக் கர்ப்பிணி பதினாறு நாளாக அந்த இரண்டு கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்குச் சொன்ன பதிலையே உனக்கும் சொல்கிறேன். தெரியாது. இந்தப் பரிசோதனைக்குத் தேதி தெரியாது, ஆளும் தெரியாது. போன மாதம் வந்ததா, கல்யாணத்துக்கு முன்னால் வந்ததா என்று உலகத்தில் எந்த லேப்காரனாலும் சொல்ல முடியாது. மாதக்கணக்கில், சில பேருக்கு வருடக்கணக்கில் சத்தமே இல்லாமல் கிடக்கும். அவளிடமிருந்து உனக்கு வந்திருக்கலாம், உன்னிடமிருந்து அவளுக்கு வந்திருக்கலாம். உன் பழைய கதை எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் போவதில்லை. அவள் பழைய கதையும் அப்படித்தான். நீ கேட்ட "யாரு" என்ற கேள்வியை விட மனமில்லாதவன் ஒருவன் இருந்தால் அது நானாகத்தான் இருக்க முடியும், ஏனென்றால் எதையும் தோண்டிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. நானே சொல்கிறேன், இந்தக் கேள்வியை விட்டுவிடு.

இனி என் கதை. நீ பிறப்பதற்கு முன்னால், கல்யாணத்துக்கும் முன்னால், நான் ஓசூர்ப் பக்கம்தான் முதலில் வேலை பார்த்தேன். அங்கே ஒருத்தியோடு எனக்குப் பழக்கம் இருந்தது. நல்லவள், அவளைப் பற்றி ஒரு குறை எழுதமாட்டேன். கல்யாணம் நிச்சயமான சமயத்தில் எனக்கு நீர் பிரியும்போது எரிச்சல் எடுத்தது. டாக்டரிடம் போக வெட்கம். என் கையில்தான் லேப் சாவி இருக்கிறதே. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, என்னிலிருந்தே எடுத்து, ஸ்லைடில் தடவி, சாயம் போட்டுப் பார்த்தேன். சீழ் அணுக்கள் நிறைய இருந்தன. நான் தேடிய வெட்டைநோய்க் கிருமி ஒன்று கூட இல்லை. ஊரெல்லாம் போலீஸ் நிற்கிறது, திருடனைக் காணோம் என்கிற கதைதான். உண்மையான லேப்காரன் என்ன செய்ய வேண்டும்? இத்தனை போலீஸ் ஏன் வந்தது என்று கேட்க வேண்டும். நான் என்ன செய்தேன்? கண்ணுக்குத் தெரியவில்லை, அதனால் இல்லை என்று எனக்கு நானே ரிசல்ட் எழுதிக்கொண்டேன். உடம்புச் சூடு என்று சொல்லிக்கொண்டு இளநீரும் பார்லிக் கஞ்சியும் குடித்தேன். படிக்காதவன் சூடு என்று சொன்னால் சிரிக்கிறவன் நான். பத்து நாளில் எரிச்சல் நின்றது. நான்கு மாதத்தில் கல்யாணம் நடந்தது.

உங்கம்மா பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள், பென்னாகரம் ஆஸ்பத்திரியில் ஆனி மாதம் நீ பிறந்தாய். நான் ஓசூரில் வேலையில் இருந்தேன். பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்க்க வந்தேன். உன் இரண்டு கண்ணும் வீங்கி, சீழ் ஒட்டிக்கொண்டு, திறக்கவே முடியாமல் கிடந்தாய். தாய்ப்பாலைப் பீய்ச்சி விட்டிருந்தார்கள், சரியாகவில்லை. என் அக்காவும், அதுதான் உன் அத்தை, பிள்ளை பார்க்க வந்திருந்தாள். அவள் நேராக உங்கம்மாவைக் கேட்டாள். "பச்ச ஒடம்புக்காரி என்னத்தத் தின்ன? மாம்பளந்தான தின்ன? பால்ல சூடு ஏறிப்போய்ப் புள்ளக் கண்ண அடச்சிருக்குது பாரு." உங்கம்மா இரண்டு பத்தை மாம்பழம் தின்றிருந்தாள், அது உண்மைதான். பக்கத்துத் தோட்டத்தில் கொடுத்தது. அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஏதோ கொலை செய்துவிட்டவள் போலச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு அழுதாள். அன்றிலிருந்து இன்றுவரை அவள் மாம்பழம் தின்றதில்லை. உனக்குப் பக்குவமாக நறுக்கிக் கொடுப்பாள், கொட்டையைக் கூடச் சப்பமாட்டாள். நீ எத்தனை முறை கேலி செய்திருக்கிறாய், மாங்காய் ஜில்லாவில் பிறந்துவிட்டு மாம்பழம் பிடிக்காத பொம்பளை என்று. அவளுக்கு அது உயிர், தம்பி. கல்யாணத்துக்கு முன்னால் மரத்தடியிலேயே உட்கார்ந்திருப்பாளாம்.

நான் அந்த அறைக்குள்தான் நின்றேன். என் பையில் ஸ்லைடு ஒன்று எப்போதும் இருக்கும். யாரும் பார்க்காதபோது உன் கண்ணிலிருந்து சீழை எடுத்து அதில் தடவிக்கொண்டேன். திங்கட்கிழமை லேப்புக்குப் போய்ச் சாயம் போட்டுப் பார்த்தால் அதே படம். அணுக்கள் கூட்டம் கூட்டமாக இருக்கின்றன, கிருமி இல்லை. மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்காமல் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. பெயர் தெரியாவிட்டாலும், இது மாம்பழம் இல்லை, என்னிடமிருந்து போனது என்று அந்த நிமிடமே எனக்குத் தோன்றிவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை.

சொட்டு மருந்து விட்டும் கண் முழுசாக ஆறவில்லை. ஒன்றரை மாதத்தில் உனக்கு இருமல் வந்தது. காய்ச்சல் இல்லை, விட்டுவிட்டுச் சின்னச் சின்ன இருமல். தர்மபுரியில் குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். வயதானவர். உன் கண்ணையும் பார்த்தார், நெஞ்சையும் கேட்டார். நான் லேப்காரன் என்று தெரிந்ததும் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, "ஒன் மைக்ராஸ்கோப்புல தெரியாத கிருமிப்பா இது" என்று பெயரைச் சொன்னார். உனக்குப் பதினான்கு நாளுக்குச் சிரப் எழுதினார். எனக்கு ஏழு நாள் மாத்திரை, உங்கம்மாவுக்கு வேறு ஒரு மாத்திரை ஏழு நாள். "ரெண்டு பேரும் சேந்து சாப்புடணும். பொண்டாட்டிகிட்ட பக்குவமாச் சொல்லு" என்றார். மூன்றையும் வாங்கினேன். சிரப்பை உங்கம்மா கையில் கொடுத்தேன். அவளுடைய மாத்திரையைக் கொடுக்க வேண்டுமென்றால் எதற்கு என்று சொல்ல வேண்டும். அவள் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் உன் அத்தை இருந்தாள். மறுநாள் காலையில் ஓசூர் பஸ் ஏறிவிட்டேன், அவள் மாத்திரை அட்டை என் சட்டைப் பையிலேயே இருந்தது. காவேரிப்பட்டணம் தாண்டியதும் ஜன்னல் வழியாக எறிந்தேன். என் மாத்திரையை மட்டும் ஒரு வேளை கூடத் தவறாமல் ஏழு நாளும் சாப்பிட்டேன்.

சிரப்பில் உனக்குக் கண்ணும் சரியானது, இருமலும் போனது. அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். உனக்கு மூன்று வயதில், நான்கு வயதில், உங்கம்மாவுக்கு அடிக்கடி அடிவயிறு வலிக்கும். அடுத்த பிள்ளை தங்கவில்லை. எனக்கு ஏன் தம்பி பாப்பா இல்லை என்று நீ கேட்பாய். உன் அத்தை வேறு மாதிரிக் கேட்பாள். உங்கம்மா போகாத கோயில் இல்லை, ஒகேனக்கல்லில் ஆடி பதினெட்டுக்கு முழுகி முழுகி வருவாள். நான் கூடவே துண்டு பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கிருமி உள்ளே தங்கிக் குழாயை அடைத்ததால்தான் பிள்ளை இல்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் அப்படி அடைக்கும் என்று எனக்குத் தெரியும். சேலத்துக்கு டிரெயினிங் போனபோது லைப்ரரியில் உட்கார்ந்து அதைப் பற்றி இருந்த புத்தகத்தையெல்லாம் படித்தவன் நான். எப்படிக் குடியேறுகிறது, எப்படிப் பெருகுகிறது, எத்தனை மணி நேரத்தில் செல்லை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது என்று படம் போட்டு வைத்திருந்தேன். தெரிந்துகொள்வதில் சூரன். கட்டினவளிடம் சொல்வதில் கோழை. வேறு எப்படி எழுதினாலும் பொய்யாகிவிடும்.

உனக்கு எழுதுவதற்கு முன்னால் அவளுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து ஓசூரிலிருந்து ஆரம்பித்து, சத்யாவின் ரிப்போர்ட் வரை எல்லாவற்றையும் சொன்னேன். முறம் நிற்கவில்லை. முடித்த பிறகு, "எத்தன நாளு சாப்புடணும் அந்த மாத்தர?" என்று கேட்டாள். ஏழு நாள் என்றேன். "ஏழே நாளா" என்றாள். கல்லைப் பொறுக்கிப் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "உங்கக்கா மாம்பளம்னு சொன்னப்ப நீங்க அங்கியேதான நின்னீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். ஓசூர்க்காரியைப் பற்றி அவள் ஒன்றுமே கேட்கவில்லை. எனக்கு அதுதான் ஆச்சரியமாக இருந்தது. அவளுக்குக் கணக்கில் வந்தது அது இல்லை போலிருக்கிறது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. களி கிண்டினாள், குழம்பு வைத்தாள், தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நீ இப்போது ஒன்று கேட்பாய், நியாயமாகவே கேட்பாய். அவள் அரூரில் இருக்கிறாள், நான் ஓசூரில் இருக்கிறேன், அவள்தான் மருந்து போட்டுக்கொண்டாளே, நான் போடாவிட்டால் இப்போது என்ன குடி முழுகிவிடும்? முழுகாது. ஆனால் பிள்ளை பிறந்து ஐந்தாம் மாதம் அவளும் குழந்தையும் ஓசூருக்கு வருவார்கள். அந்தக் கிருமி உன்னிடம் இருந்தால் அதற்கு ஐந்து மாதம் காத்திருப்பது பெரிய காரியம் இல்லை. அவள் போட்ட மருந்து வீணாகும். இது உடம்புக் காரணம். இன்னொன்று, நான்கு வாரம் கழித்து அவளுக்கு மறுபடி டெஸ்ட் எடுக்க வேண்டும், அன்றைக்கு டாக்டர் கேட்கும் முதல் கேள்வி கணவர் மருந்து எடுத்தாரா என்பதுதான். அவள் அம்மா பக்கத்தில் நிற்க, அவள் என்ன பதில் சொல்ல வேண்டும்? நேற்று என்னிடம் சொன்னாள். "மாமா, அவுங்க மாத்தர போட்டாங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. வேற ஒண்ணுங் கேக்க வேணாம்." மாத்திரையை விழுங்குவது குற்றத்தை ஒப்புக்கொள்வது என்று நினைத்து நீ பயப்படுகிறாய். அப்படி இல்லை, இந்த ரிப்போர்ட்டில் உன் பெயரும் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது, அவ்வளவுதான்.

டாக்டர் எழுதியதை முழுசாக, அவர் சொன்னபடி சாப்பிடு. கடைக்காரனிடம் கேட்டுப் பாதி வாங்காதே. உனக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றால் எடுத்துக்கொள், சிறுநீரே போதும், ஆனால் முடிவு வரட்டும் என்று மருந்தைத் தள்ளிப் போடாதே. பிரசவம் ஆனதும் குழந்தை டாக்டரிடம் இந்த ரிப்போர்ட்டை நீயே கொண்டுபோய்க் காட்டு. முதல் பதினைந்து நாள் குழந்தையின் கண்ணைப் பார். சீழ் வந்தால் பாலும் வேண்டாம், பரிகாரமும் வேண்டாம், அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடு. சத்யா மருந்து போட்டுவிட்டதால் அநேகமாக ஒன்றும் வராது. வந்தாலும் அது அவள் தின்ற எதனாலும் இல்லை என்று அந்த வீட்டில் எல்லோரும் கேட்கும்படி நீ சொல்ல வேண்டும்.

உங்கம்மா இப்போது அரூரில் இருக்கிறாள். மூன்றாம் நாள் காலையில் எழுந்து ஒரு பையில் இரண்டு புடவை வைத்துக்கொண்டு, "அந்தப் புள்ளகூட பத்து நாளு இருந்துட்டு வரேன்" என்றாள். நம்மூர் நல்லம்பள்ளியிலிருந்து தர்மபுரி வரை நானும் கூடவே போய் அரூர் பஸ்ஸில் உட்கார வைத்தேன். ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, பையனுக்குக் கடிதம் எழுதப் போகிறேன், எப்படியும் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அங்கே வந்துவிடுவான் பார் என்றேன், அவளைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "நீங்களுந்தான் ஒரு ஞாயித்துக்கெழம வந்தீங்க. வந்து என்னா பண்ணீங்க? சும்மா வந்தாப் பத்தாது, வாயத் தொறந்து பேசணும்னு எளுதுங்க."

எழுதிவிட்டேன்.

அப்பா